நீரும் நிலமும்: வற்றிக் கிடந்தாலும் ஓடை ஓடைதான்

(வாசகர் கேள்வி – பதில். பதில் தருபவர் நீர்ப்பாசனப் பணியில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். முள்ளியவளையில் வசிக்கிறார்.)

ஓகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி காணி துப்புரவாக்குவது பற்றித்தான். மாரிக்கு முன் வேலையை முடித்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம். அந்த அவசரத்தில் ஓடைகளும் மோட்டைகளும் (மாரியில் நிரம்பிக் கோடையில் வற்றும் சிறு நீர்ப்பள்ளங்கள்) படும் பாட்டைத்தான் இம்முறை அதிகம் பேர் எழுதியிருக்கிறீர்கள். மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றை மட்டும் எடுக்கிறேன். முறிகண்டியில் இருந்து வந்த கடிதத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். அந்தத் தங்கச்சியின் நிலைமையில் இன்று வன்னியில் பல பேர் இருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எங்கட வயலுக்கு மேற்புறம் ஐந்து ஏக்கர் மேட்டுக்காணி. பாலையும் வீரையும் நின்ற பற்றைக்காடு. வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் அதைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்கப்போகிறார். போன வருசம் ஒரு பகுதியைப் பெக்கோ (மண் வெட்டும் இயந்திரம்) விட்டு வழித்தார்கள். கார்த்திகை மழைக்குச் செம்மண் கரைந்து வந்து எங்கட வாய்க்காலை மூடிவிட்டது. இரண்டு வரவை (வரம்பு கட்டிய வயல் துண்டு) நெல் அழுகிப் போனது. காணியின் ஓரத்தால் ஒரு ஓடை போகிறது. இந்த வருசம் அதையும் மூடி உள்வீதி போடப் போகிறார்களாம். கேட்டால், “பத்து மாசம் காஞ்சு கிடக்கிறதெல்லாம் ஓடையா?” என்கிறார் வேலை பார்ப்பவர். நான் என்ன செய்ய? — வாசகி, முறிகண்டி.

பதில்: தங்கச்சி, வன்னியில் காய்ந்து கிடக்காத ஓடை எங்கே இருக்கிறது? கனகராயன் ஆறே ஆவணியில் வெறும் மணலாகக் கிடக்கும். பாலியாறும் பேராறும் அப்படித்தான். ஆண்டு மழையின் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் டிசெம்பருக்கும் இடையில் கொட்டிவிடுகிறது. அந்த மூன்று மாதத்துக்குத்தான் நிலம் அந்தப் பாதையைக் காலகாலமாகத் திறந்து வைத்திருக்கிறது. கோடையில் வந்து காணி பார்ப்பவருக்கு அது ஒரு பள்ளம். உங்களுக்கு அது ஓடை. மார்கழியில் யாருடைய கண் சரி என்று தெரிந்துவிடும். ஆனால் அதற்குள் உங்கள் பயிர் போய்விடும். ஆகவே இப்போதே பேச வேண்டும்.

பேசப் போகும்போது ஒரு கணக்கைக் கொண்டுபோங்கள். ஒரு ஏக்கரில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது நாலு இலட்சம் லீற்றர் தண்ணீர். ஐந்து ஏக்கருக்கு இருபது இலட்சம். ஒரே நாளில் 100 மில்லிமீற்றர் பெய்வது எங்களுக்குப் புதினம் அல்ல. இரணைமடுக் குளத்தின் வான் கதவுகள் (மிகைநீரை வெளியே விடும் கதவுகள்) திறந்த 2018 டிசெம்பர் வெள்ளத்தை உங்கள் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பற்றைக்காடு நின்றபோது இலையும் சருகும் வேரும் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கை மண்ணுக்குள் இறக்கின, மீதியை மெல்ல விட்டன. பெக்கோ ஏறி இறங்கிய நிலம் அப்படிச் செய்யாது. எங்கட மேட்டுநிலத்துச் செங்கபில மண்ணின் குணம் உங்களுக்குத் தெரியும்: காய்ந்தால் அலவாங்கு இறங்காது, நனைந்தால் கரைந்து ஓடும். வைக்கோல், சருகு போன்ற மூடாக்கு இல்லாமல் அதைத் திறந்து வைப்பது கீழே இருப்பவரின் வாய்க்காலுக்குள் மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுவதற்குச் சமம்.

இப்போது அந்தச் சொந்தக்காரரிடம் என்னென்ன கேட்கலாம் என்று பார்ப்போம். “வேலையை நிற்பாட்டுங்கள்” என்று மட்டும் கேட்டால் அவர் கதவைச் சாத்திவிடுவார். அவருக்குக் காணியை விற்க வேண்டும். உங்களுக்கு வயல் தப்ப வேண்டும். இரண்டும் நடக்க வழி இருக்கிறது.

முதலில் காலம். நிலத்தை வழிப்பதற்கு எங்கட பகுதியில் நல்ல காலம் மாரி முடிந்த பிறகு, மாசி பங்குனியில். ஆவணி புரட்டாதியில் வழித்துவிட்டு ஐப்பசி மழையை வரவேற்பதுதான் மிகக் கெட்ட காலம். இந்த வருசம் கட்டாயம் வழிக்கத்தான் வேண்டும் என்றால் ஐந்து ஏக்கரையும் ஒரேயடியாக வழிக்க வேண்டாம். உள்வீதி வரும் இடத்தை மட்டும் வெட்டட்டும். துண்டுகளை வாங்குபவர் வீடு கட்டும்போது தன் துண்டைத் துப்புரவாக்கட்டும். வழிக்காத நிலத்துக்குச் செலவும் இல்லை. இதைச் சொன்னால் பலர் கேட்பார்கள், ஏனென்றால் பெக்கோவின் மணித்தியாலக் கூலி அவர்களுக்கும் சுமைதான்.

அடுத்தது ஓடைக்கரை. ஓடையின் இரு பக்கமும் இருக்கிற பற்றையையும் புல்லையும் தொடக்கூடாது. அகலம் எவ்வளவு விட்டாலும் நன்மைதான். இருபது முப்பது அடி விட்டால் மேலிருந்து வரும் மண்ணில் பருமனானது அங்கேயே தங்கிவிடும். ஓடையும் அதன் ஒதுக்கும் (கரையோரம் பாதுகாப்புக்கு விட்ட நிலம்) அரச காணியாக இருந்தால் அதில் கைவைக்க அவருக்கு உரிமையே இல்லை. பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் நில அளவைப் படத்தை வைத்துக் கேளுங்கள். ஒதுக்கின் அகலம் ஒவ்வொரு ஓடைக்கும் குளத்துக்கும் வேறுபடும்.

மூன்றாவது, திறந்த மண்ணை மூடுவது. வைக்கோல் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மழைத்துளி மண்ணைக் குத்திக் கிளப்பாமல் இருக்க ஒரு சாண் தடிப்பு வேண்டியதில்லை, மண் தெரியாத அளவுக்குப் பரப்பினால் போதும். வெட்டிய அலம்பலை (கொப்பும் முள்ளும்) எரிக்கிறார்களே, அதை எரிக்கவிடாதீர்கள். சரிவுக்குக் குறுக்காக வரிசை வரிசையாகக் கட்டைகள் அடித்து அலம்பலை அடர்த்தியாக அடைத்துவிட்டால் தண்ணீர் ஊடே போகும், மண் பின்னால் நிற்கும். வெளிநாடுகளில் இதற்கென்று துணி விற்கிறார்கள். எங்களுக்கு அலம்பல் போதும். ஆனால் மழை ஒவ்வொன்றுக்கும் பிறகு போய்ப் பார்த்துத் திருத்த ஒரு ஆள் வேண்டும். ஒரு இடத்தில் உடைந்துவிட்டால் எல்லாத் தண்ணீரும் அந்த வாயாலேயே ஓடி முன்னையதிலும் மோசமாக அரிக்கும்.

“மூலையில் ஒரு கிடங்கு வெட்டிவிடுகிறேன், மண் அதில் தங்கும்” என்று அவர் சொல்லக்கூடும். கிடங்கு நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். மழை நாளில் வாய்க்காலில் ஓடும் கலங்கல் தண்ணீரை ஒரு கண்ணாடிப் போத்தலில் நிரப்பி யன்னலோரம் வையுங்கள். மணல் உடனேயே அடியில் படியும். அதன்மேல் மெல்லிய வண்டல் ஒரு பட்டையாக மெல்ல மெல்லச் சேரும். களி மட்டும் இறங்காது. அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் மேல்பகுதி பால்தேத்தண்ணி நிறத்திலேயே நிற்கும். களித்துணிக்கைகளில் பருமனானதுகூட அசையாத தண்ணீரில் ஒரு மீற்றர் இறங்க மூன்று நாள் அளவில் எடுக்கும், நுண்ணியவை இன்னும் கூட. ஓடுகிற தண்ணீரில் அது இறங்கவே இறங்காது. கிடங்கு மணலைப் பிடிக்கும். களி உங்கள் வயலைத் தாண்டிக் கீழே இருக்கும் குளத்துக்குப் போய்ச் சேரும். களியை நிறுத்த ஒரே இடம் அது கிடக்கிற இடம்தான். அதனால்தான் மூடாக்கை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அந்தப் போத்தலையும் பேச்சுவார்த்தைக்குக் கொண்டுபோகலாம்.

பேசிச் சரிவராவிட்டால்? தனியே போகாதீர்கள். கமக்காரர் அமைப்பின் கடிதத்தோடு போங்கள். காணியைத் துண்டாக்கி விற்பதற்கான வரைபடம் பிரதேச சபைக்கு வரவேண்டும். அது அனுமதிக்கப்பட முன்னரே உங்கள் ஆட்சேபனையை எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அந்த வரைபடத்தில் ஓடை காட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது உங்கள் உரிமை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதி கேட்டு விண்ணப்பித்தால் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். உங்கள் வரவைகளில் மண் கொட்டுப்பட்டதைக் கமநல சேவை நிலையத்திலும் முறையிட்டு வையுங்கள். பிரதேச செயலகத்தில் சுற்றாடல் உத்தியோகத்தர் இருந்தால் அவரைக் காணிக்கே கூட்டிக்கொண்டு போங்கள். மேசையில் இருந்து பார்ப்பதற்கும் வரம்பில் நின்று பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம்.

கேள்வி: நான் கனடாவில் இருக்கிறேன். வவுனியா நகருக்கு வெளியே அரை ஏக்கர் காணி ஒன்று மலிவாக வருகிறது. வீடியோவில் பார்த்தேன், சமதரை, நல்ல புல். வெள்ளம் நிற்கும் காணியா என்று எப்படி அறிவது? — வாசகர், ரொறன்ரோ.

பதில்: தம்பி, அந்த வீடியோ எந்த மாதம் எடுத்தது என்று முதலில் கேளுங்கள். ஆனி ஆடியில் எடுத்ததென்றால் அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. மார்கழியில் எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் அதுவே ஒரு பதில்.

பிறகு நம்பிக்கையான ஒருவரை அனுப்பி மூன்றடி ஆழத்தில் ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். தோண்ட முன் அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்ட பகுதிதானா என்று கிராம அலுவலரிடம் உறுதிசெய்வது கட்டாயம். குழியின் பக்கச் சுவரைக் கத்தியால் சீவி, வெயில் படும்படி வைத்துப் படம் எடுத்து அனுப்பட்டும். அடிவரை ஒரே செங்கபில நிறம் என்றால் தண்ணீர் வடியும் மண். சாம்பல் நிறக் களியும் அதில் துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் கீறல்களும் புள்ளிகளும் தெரிந்தால் அங்கே வருடத்தில் நீண்ட காலம் தண்ணீர் நிற்கிறது. மண்ணில் உள்ள இரும்பு காற்றுப்படும்போது துருவாகிச் சிவக்கும், தண்ணீரில் மூழ்கிக் காற்றில்லாமல் போனால் கரைந்து சாம்பல் நிறமாகும். மாறி மாறி நனைந்து காய்ந்ததன் அடையாளம் அந்தக் கீறல்கள். எத்தனை வருடம் தண்ணீர் வராவிட்டாலும் அது அழியாது. காணித் தரகர் மேலே பத்து லோட் கிரவல் பரவினாலும் கீழே தோண்டினால் தெரியும்.

புல்லையும் பாருங்கள். கோரையும் நீர்முள்ளியும் நின்றால் வேறு சோதனை வேண்டாம். மருத மரம் நின்றால் தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது. மரத்தின் அடியில் வெள்ளம் விட்ட மண்கோடு எந்த உயரத்தில் இருக்கிறதென்று அளந்து கேளுங்கள்.

வன்னியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து போய், 2009க்குப் பிறகு ஊர் திரும்பியபோது வயலும் வாய்க்காலும் பற்றை மூடிக் கிடந்தன. எந்தப் பள்ளத்தால் தண்ணீர் வரும் என்று தெரிந்த மூத்தவர்கள் பலர் திரும்பி வரவில்லை. அந்த இடைவெளியில்தான் பல ஓடைகள் காணிக்குள் காணியாகிப் போயின. ஆகவே பக்கத்தில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் இருந்தால் அவரிடம் போய் இருந்து கதைக்கச் சொல்லுங்கள். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல (ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும்) வரைபடத் தாளையும் எடுத்துப் பாருங்கள். இன்று தெரியாத சிறு குளங்கள்கூட அதில் குறிக்கப்பட்டிருக்கும்.

நெற்காணியை நிரப்பி விற்கிறார்களா என்பதையும் கவனியுங்கள். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் நெற்காணியை நிரப்ப முடியாது. உறுதிக் காணியா (தனியாருக்குச் சொந்தமானது), போமிற் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது) என்பதும் முக்கியம். போமிற் காணியைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. இவ்வளவையும் பார்த்த பிறகும் மலிவாகத் தோன்றினால் வாங்குங்கள்.

கேள்வி: நான் உயர்தரம் படிக்கிறேன். எங்கள் ஊரில் ஒரு மோட்டை இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் வரும். கோடையில் வற்றிவிடும், மாடு மட்டும்தான் நிற்கும். அதை நிரப்பித் தந்தால் எங்கள் விளையாட்டுக் கழகத்துக்கு நல்ல மைதானம் கிடைக்கும். சிலர் எதிர்க்கிறார்கள். பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டாமா? — மாணவன், மல்லாவி.

பதில்: வேண்டும் தம்பி. பிள்ளைகள் விளையாட இடமில்லாமல் வீதியோரத்தில் நிற்பது எனக்கும் கவலைதான். ஆனாலும் மோட்டையை நிரப்பாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஒன்றரை ஏக்கரில் சராசரி மூன்றடித் தண்ணீர் நின்றால் அது ஐம்பது இலட்சம் லீற்றருக்கு மேல். நீங்கள் கிரவல் கொட்டியதும் அந்தத் தண்ணீர் இல்லாமல் போய்விடாது. அடுத்த தாழ்வான இடத்தைத் தேடிப் போகும். அந்த இடத்தில் இன்று யாருடைய வீடு இருக்கிறதென்று நடந்து போய்ப் பாருங்கள். மோட்டையில் தங்கும் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கித்தான் பக்கத்துக் கிணறுகள் மாசி பங்குனிவரை ஊறுகின்றன. மோட்டையைச் சுற்றியுள்ள கிணறுகளின் ஆழத்தையும் தூரத்தில் உள்ளவற்றின் ஆழத்தையும் ஒரு கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வந்து கழகக் கூட்டத்தில் வாசியுங்கள். உயர்தர மாணவனுக்கு இது நல்ல செயற்றிட்டமும்கூட. “மாடு மட்டும்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். கோடையில் மாட்டுக்குப் பச்சைப் புல் கிடைக்கிற இடம் உங்கள் ஊரில் வேறு எத்தனை?

வரண்ட வலயத்தின் சிறு குளங்கள் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் வானால் வழியும் தண்ணீர் அடுத்ததற்கு வரவு. மேலே உள்ள சிறு பள்ளங்கள் மண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு தெளிந்த தண்ணீரைக் கீழே விடுகின்றன. இந்தக் குளத்தொடர் முறையைத்தான் ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய நிறுவனம் 2017இல் உலக முக்கியத்துவம் உள்ள விவசாய மரபாக ஏற்றுக்கொண்டது. ஒரு மோட்டை போனால் கீழே உள்ள குளம் அந்த மண்ணை வாங்கும்.

சட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் “நாலு ஹெக்ரயருக்குக் குறைந்தால் பிரச்சினை இல்லை” என்று உங்களுக்கு யாராவது சொல்லக்கூடும். தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1993இல் வந்த வர்த்தமானியின்படி, 4 ஹெக்ரயருக்கு மேற்பட்ட ஈரநிலத்தை நிரப்பும் திட்டத்துக்குச் சுற்றாடல் மதிப்பீடு வேண்டும். உங்கள் ஒன்றரை ஏக்கர் அந்த அளவுக்குள் வராது, உண்மை. அதற்காக நிரப்ப அனுமதி கிடைத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. அது அரச காணியா, குள ஒதுக்கா, நெற்காணியா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. எனக்கு இந்த அளவுக் கணக்கில் பெரிய மனவருத்தம் உண்டு. வன்னியின் தண்ணீரைத் தாங்குவது பெரிய நீர்நிலைகள் மட்டும் அல்ல, ஒரு ஏக்கர் அரை ஏக்கர் மோட்டைகள்தான் எண்ணிக்கையில் அதிகம். சட்டத்தின் கண்ணுக்கு அவை ஒவ்வொன்றாகச் சின்னதாகத் தெரிகின்றன.

கழகத்துக்கு நான் சொல்லும் வழி இது. மேட்டில் அரச காணி ஒரு துண்டு கேட்டுப் பிரதேச செயலாளருக்கு விண்ணப்பியுங்கள். மோட்டையை நிரப்புவதை எதிர்ப்பவர்களையே அதில் கையெழுத்து வைக்கச் சொல்லுங்கள், அவர்களுக்கும் பொறுப்பு இருக்கிறது. அது கிடைக்கும்வரை வற்றிய மோட்டையில் புல்லை வெட்டிவிட்டு விளையாடுங்கள். ஒரு லோட் மண்ணும் போட வேண்டாம். மழை வந்தால் தண்ணீருக்கு விட்டுக்கொடுங்கள். எங்கட குளங்களின் அலைகரையில் கிரிக்கெட் விளையாடாத பிள்ளை யார்?

கேள்வி: எங்கள் ஊர் வீதியை உயர்த்தித் தார் போட்டார்கள். முந்தி தாம்போதி (வெள்ளம் வீதிக்கு மேலால் ஓட விட்ட தாழ்வான கடவை) இருந்த இடத்தில் இரண்டடிக் குழாய் ஒன்றை வைத்துவிட்டார்கள். இப்போது மேற்புறம் வயலில் நாலைந்து நாள் தண்ணீர் நிற்கிறது. கீழ்ப்புறம் ஓடைக்கரை அரித்து ஆள் ஆழத்துக்குக் கிடங்கு. என்ன கேட்பது? — கமக்காரர் அமைப்புச் செயலாளர், ஒட்டுசுட்டான்.

பதில்: ஐயா, இரண்டடி விட்டமுள்ள குழாயின் வாய் மூன்று சதுர அடிக்குச் சற்றுக் கூட. உங்கள் ஓடை பத்தடி அகலத்தில் இரண்டடி ஆழம் ஓடுகிறதென்றால் இருபது சதுர அடி. ஆறேழு குழாய் செய்ய வேண்டிய வேலையை ஒன்றிடம் கொடுத்திருக்கிறார்கள். அடைபட்ட தண்ணீர் மேலே தேங்குகிறது. குழாய்க்குள் புகுந்தது வேகம் பிடித்து வெளியே பாய்ந்து கரையை அரிக்கிறது.

இன்னொரு குழாய் கேட்காதீர்கள். ஓடையின் முழு அகலத்துக்கும் பெட்டி மதகு கேளுங்கள். அதன் அடித்தளம் ஓடைப் படுக்கையிலும் சற்றுத் தாழ்வாக இருக்க வேண்டும், அப்போதுதான் மணல் உள்ளே படிந்து ஓடை ஓடையாகவே தொடரும். கீழ்வாயில் கருங்கல் அடுக்க வேண்டும். காசில்லை என்றால் பழைய தாம்போதியையே திருப்பிக் கேளுங்கள். வருடத்தில் சில நாள் முழங்கால் தண்ணீரில் கடப்பதை ஊர் பொறுத்துக்கொள்ளும்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். முதல் மழைக்கு விராலும் கெளுத்தியும் உழுவையும் குளத்தில் இருந்து ஓடை வழியே எதிர்த்து ஏறும். பெடியள் அத்தாங்கோடு மதகடியில் நிற்பது அதற்குத்தான். கீழ்ப்புறம் கிடங்கு விழுந்து குழாய் வாய் அந்தரத்தில் தொங்கினால் மீன் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். மேலே உள்ள வயலுக்கும் மோட்டைக்கும் போய் முட்டையிட முடியாது. குளத்து மீனவர் சங்கத்தையும் உங்கள் கடிதத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆற்றங்கரையில் எங்கட கிணறு. இரவில் உழவு இயந்திரத்தில் மணல் அள்ளுகிறார்கள். முந்தி பங்குனியிலும் தண்ணீர் நின்ற கிணறு இப்போது மாசியிலேயே அடி தெரிகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா? — குடும்பத்தலைவி, கனகராயன்குளம்.

பதில்: உண்டு அம்மா. வற்றிய ஆற்றின் மணலுக்குள் தண்ணீர் இருக்கிறது. ஒரு கியூப், அதாவது 100 கன அடி ஈரமணல், 600 லீற்றர் அளவு தண்ணீரைத் தன்னிடமிருந்து விடக்கூடியது. மணல் போனால் அந்தத் தொட்டி போயிற்று. ஆற்றுப் படுக்கை தாழ்ந்தால் கரையில் உள்ள நிலத்தடி நீரும் அந்தப் பள்ளத்துக்கு வடியும், உங்கள் கிணற்றில் இருந்தும்தான். கரையின் கால் அறுந்து மருத மரங்கள் சரிவதையும் பார்த்திருப்பீர்கள்.

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி மணல் அகழப் புவிச்சரிதவியல் அளவை சுரங்கங்கள் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதிப்பத்திரம் காட்டச் சொல்லி இரவில் நீங்களோ பிள்ளைகளோ ஆற்றுக்குள் இறங்கிப் போகவே கூடாது. அது ஆபத்து. பகலில் தடம் இருக்கும் இடத்தையும் திகதியையும் எழுதி, ஊரின் பெயரில் கிராம அலுவலர் ஊடாகவும் பொலிசிலும் கொடுங்கள். கிணற்றில் ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில் நீர்மட்டத்தை அளந்து கொப்பியில் எழுதி வையுங்கள். “குறைந்துபோச்சு” என்று சொல்வதற்கு இல்லாத மதிப்பு அந்தக் கொப்பிக்கு இருக்கும்.

கேள்வி: காடு வெட்டுவதற்கும் நந்திக்கடல் களப்பில் இறால் படுவதற்கும் என்ன தொடர்பு? கூட்டத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள். — கடற்றொழிலாளர், முல்லைத்தீவு.

பதில்: சிரிப்பவர்களைப் பேராற்றின் வழியே ஒரு நாள் கூட்டிக்கொண்டு போங்கள் தம்பி. முத்தையன்கட்டுக் குளத்தின் ஆறு அது, முடிவது உங்கள் களப்பில். மேலே மண் திறந்து கிடந்தால் கலங்கல் கீழே வரும். கலங்கிய தண்ணீருக்குள் வெளிச்சம் இறங்காது. வெளிச்சம் இல்லாமல் களப்பின் அடியில் உள்ள நீர்ச்செடி வளராது. இறால் குஞ்சு ஒளிந்து வளர்வது அந்தச் செடிகளுக்குள்தான். படியும் சேறு களப்பை ஆழமில்லாமல் ஆக்கும், கோடையில் தண்ணீர் சீக்கிரம் சூடாகும், உப்புக் கூடும். அடுத்த கூட்டத்துக்கு முத்தையன்கட்டு விவசாயி ஒருவரையும் அழைத்துப் போங்கள். அவருக்கும் இதே முறைப்பாடு இருக்கும்.

கேள்வி: ஓடைக்கரையில் தேக்கு நடலாமா? பிற்காலத்துக்கு வருமானம் வரும். — வாசகர், நெடுங்கேணி.

பதில்: கரையில் வேண்டாம். தேக்கின் அகன்ற இலையில் சேர்ந்து விழும் பெருந்துளி மண்ணைக் கிளப்பும், அடியில் புல்லும் வளராது. தேக்கை மேட்டில் நடுங்கள். கரைக்கு மருது, நாவல், புங்கு. இடையில் வெட்டிவேரும் நாணலும். ஏற்கெனவே நிற்கும் பற்றையை வெட்டிவிட்டு மரம் நடும் வேலையை மட்டும் செய்ய வேண்டாம்.

கேள்வி: முறைப்பாட்டோடு கைப்பேசிப் படம் அனுப்பினோம். “தெளிவில்லை” என்று திருப்பிவிட்டார்கள். எப்படி எடுப்பது? — இளைஞர் கழகம், விசுவமடு.

பதில்: மழை பெய்துகொண்டிருக்கும்போதே எடுங்கள், விட்ட பிறகு எடுத்தால் பாதிக்கதை போய்விடும். ஒரே இடத்தில் நின்று மூன்று படம்: மழைக்கு முன், மழையில், மழை முடிந்து இரண்டு நாளில். ஒவ்வொன்றிலும் அசையாத ஒரு பொருள் தெரிய வேண்டும், மின்கம்பமோ மதகோ. தண்ணீரில் அடி குறித்த ஒரு தடியை ஊன்றி வையுங்கள். வேலை நடக்கும் காணிக்கு மேலே ஓடையில் ஒரு போத்தல் தண்ணீர், கீழே ஒரு போத்தல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வெள்ளைத் தாளுக்கு முன் வைத்து ஒரு படம். பின்பக்கத்தில் திகதி, நேரம், கிராம அலுவலர் பிரிவு, எடுத்தவர் பெயர். அச்சிட்டு மூன்று பிரதி: ஒன்று பிரதேச செயலகத்துக்கு, ஒன்று மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு, ஒன்று உங்கள் கழக அலுமாரிக்கு.